அப்பாவுக்கு வீடியோ இன்டர்பிரட்டர் வச்சு டாக்டர பாத்தோம் (4/5)

எங்கப்பாவுக்குப் பொறந்ததுலேந்தே காது கேக்காது. எனக்கு 8 வயசுலேந்து ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன் கடை எங்க போனாலும் நான்தான் சைகைல சொல்லணும். டாக்டர் பத்து நிமிஷம் பேசுவாரு, நான் "ஒண்ணுமில்லப்பா, மாத்திரை போட்டா சரியாயிடும்"னு முடிச்சிருவேன். இப்ப நெனச்சா கூசுது.

போன மாசம் யூரின் பிரச்சனை. நைட்டு நாலஞ்சு தடவ எந்திரிக்கிறாருன்னு அம்மா சொல்லித்தான் தெரியும், பொண்ணுகிட்ட எப்படி சொல்றதுன்னு எத்தன நாள் மறைச்சாரோ. ஃப்ரெண்டு ஒருத்தி சொல்லி, டாக்டர் பேசுறத வீடியோ கால்ல சைகைல மாத்திச் சொல்ற இந்த சர்வீஸ புக் பண்ணேன், அரை மணிக்கு 400 ரூவா, ஆம்பள இன்டர்பிரட்டர்தான் வேணும்னு கேட்டதுக்கு அப்படியே குடுத்தாங்க.

ரிசப்ஷன்ல வழக்கம்போல "உதட்ட பாத்து புரிஞ்சுக்குவாருல்ல?"னாங்க. பணம்னாலும் மணம்னாலும் உதடு ஒண்ணுதாங்க, அதுலயும் பாதி பேர் மாஸ்க் போட்டிருக்காங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல தகவல் தொடர்புன்னா சைகை மொழியும் சேத்திதான்னு இருக்கு, ஆனா ஆஸ்பத்திரில சாய்தளம் கட்டுனதோட கடமை முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்கிறாங்க.

டாக்டர் மேஜைல ஃபோன சாய்ச்சு வச்சுட்டு நான் வெளிய வந்து உக்காந்துட்டேன், உள்ள என்ன நடக்குதோன்னு ஒரே பதட்டம், 25 நிமிஷம் ஆச்சு. வெளிய வந்தவரு படிக்கட்டுலயே நின்னு கைய வீசி வீசி சொல்றாரு, ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி வீங்கிருக்காம், வயசானா வர்றதுதானாம், பிஎஸ்ஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணுமாம், டாம்சுலோசின் மாத்திரை நைட்டு போடணுமாம், அது போட்டா தலை சுத்தும் அதனால படுக்கைலேந்து சட்டுனு எந்திரிக்காம கொஞ்சம் உக்காந்துட்டு எந்திரிக்கணுமாம். டாக்டர் சொன்னத அவரு எனக்கு சொல்றது இதான் மொத தடவ. பிபி மாத்திரை ஆரம்பிச்சப்போ இந்த மாதிரி எதையும் நான் அவருக்கு சொன்னதா ஞாபகமே இல்ல.

குறைன்னா, சைகையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அந்த இன்டர்பிரட்டர் தம்பி வடக்க டிப்ளமா படிச்சவராம், அவரு காட்டுன கிழமையெல்லாம் அப்பாவுக்குப் பிடிபடல, சுவத்துல இருந்த காலண்டர காட்டி சமாளிச்சிருக்காங்க. ஸ்கேன் ரூம் கீழ்த்தளத்துல, சிக்னல் சுத்தமா இல்ல, கால் கட்டாயிடுச்சு. மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு அவங்க சொன்னத நான்தான் உள்ள ஓடிப்போய் காட்டினேன். ஆஸ்பத்திரி வைஃபைய முன்னாடியே கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

அடுத்த செக்கப்புக்கு அப்பாவே வாட்ஸப்ல புக் பண்ணிட்டாரு, என்ன லீவு போட வேணாம்னுட்டாரு. நைட்டு 8க்கு மேல இவங்ககிட்ட ஆள் கெடையாது, ஞாயித்துக்கிழமையும் கெடையாது, ஒரு ஸ்டார் கொறைச்சது அதுக்குத்தான்.