செல்ஃப் எடுக்குது, ஆனா பத்தலை: மோட்டார்ஹோம் ஜெனரேட்டரோடு சில வருடங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸில் இருந்துகொண்டு பழைய மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வீட்டு வண்டியை, சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவுக்குள் 4 கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரை ஏசியையும் மைக்ரோவேவையும் சேர்த்தே இழுக்கும். பாதி லோடில் மணிக்குச் சுமார் அரை கேலன் (ஏறக்குறைய இரண்டு லிட்டர்) பெட்ரோல் குடிக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்த நாட்களும் உண்டு. அதில் பெரும்பாலான நாட்களில் கோளாறு ஜெனரேட்டருக்கு வெளியேதான் இருந்தது.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நான் முதலில் காதைத்தான் நம்புவேன். ஸ்விட்சை அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்கினால், செல்ஃபுக்குக் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வது உள்ளே விளக்கு, ஃபேனுக்கெல்லாம் கரண்ட் தரும் வீட்டுப்பகுதி பேட்டரி, வண்டி இன்ஜினின் பேட்டரி கிடையாது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று பலரும் குழம்புவது இங்கேதான். எல்இடி விளக்குக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டாம், செல்ஃப் மோட்டார் கேட்பதோ அதைப்போல் நூறு மடங்கு. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் லெட் ஆசிட் பேட்டரி 12.2க்கு இறங்கினாலே பாதி காலி. ஸ்விட்சை அழுத்தியபடியே மீட்டர் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: வண்டி இன்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டில் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் பூஸ்ட் ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யலாம்.

பேட்டரி சரியாக இருந்தும் டிக் மட்டும்தான் என்றால் எர்த் வயரைப் பாருங்கள். என் வண்டியில் அது சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இணையும் போல்ட், தெருச் சேறு தெறிக்கும் இடத்தில் இருந்தது. கழற்றினால் உள்ளே துரு, வயர் முனை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேய்த்து இறுக்கினேன். அதே பேட்டரிதான், அடுத்த அழுத்தில் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா, அப்போது பெட்ரோல் விவகாரம். டேங்கில் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வராது. நடுக்காட்டில் ஏசிக்காகப் பெட்ரோல் முழுவதையும் எரித்துவிட்டு ஊர் திரும்ப முடியாமல் நிற்கக் கூடாது என்று, குழாயின் வாயை வேண்டுமென்றே உயரத்தில் வைத்திருக்கிறார்கள். டேங்கில் இருக்கிறது என்றால், பல மாடல்களில் ஸ்டார்ட் ஸ்விட்சை ஸ்டாப் பக்கம் சில நொடி அழுத்திப் பிடித்தால் பம்ப் மட்டும் ஓடிக் குழாயை நிரப்பும்.

அதற்கும் மசியாத ஒருமுறை பட்டறைக்குக் கொண்டுபோனேன். பார்த்தவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று பல நூறு டாலருக்கு ஒரு சீட்டு நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வண்டிக்கடியில் படுத்துப் பெட்ரோல் ஹோஸை மடக்கிப் பார்த்தால் ரப்பர் முழுக்க வெடிப்பு. பம்ப் பெட்ரோலை விட்டுவிட்டுக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எத்தனால் தாங்கும் புது ஹோஸ் இருபது டாலருக்குள் முடிந்தது.

கார்புரேட்டர் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் பிசினாகி அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை பாதி லோடு கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். வெறுமனே பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதில் பிரயோஜனம் இல்லை. கோடையில் நான் ஏசியைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்து ஏதாவது படிப்பேன், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் போனால் வேறு ஒரு தொல்லை. காற்று மெலிந்து பெட்ரோல் விகிதம் கூடிவிடும், கரும்புகை வரும். கார்புரேட்டரில் உயரத்துக்கான திருகு இருந்தால் அதைத் திருப்பி வைத்தால் போதும். கீழே இறங்கியதும் மறக்காமல் பழையபடி வைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் குவார்ட்சைட் பாலைவனத்தில் மின் இணைப்பே இல்லாத வெட்டவெளியில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து தங்கும். அங்கே இப்போதெல்லாம் சோலார்தான் பேச்சு. விளக்குக்கும் ஃபேனுக்கும் சரி. ஜூன் மாத அரிசோனாவில் ஏசி ஓட்ட எனக்கு இன்னும் இந்தப் பெட்டிதான் வேண்டியிருக்கிறது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், ஜெனரேட்டர் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பதினைந்து வருட வண்டியில் 60 மணி என்று காட்டினால் அசையாமலே கிடந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்தான் வரும், 500 மணி ஓடியதையே எடுப்பேன். விற்பவர் ஸ்டார்ட் செய்து காட்டுவதற்கு முன் ஜெனரேட்டர் மூடியில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார் என்று அர்த்தம்; நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.