இ-மைக்ரேட் தளம்: வளைகுடா வேலைக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

கொரோனா முடக்கத்தில் வளைகுடாவில் வேலை சுருங்கியபோது, இந்தியத் தொழிலாளருக்கென்று மத்திய அரசு வைத்திருந்த குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை (இதற்குக் கீழே சம்பளம் பேசி ஆள் எடுக்கக் கூடாது என்ற வரம்பு) 2020 செப்டம்பரில் 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கினார்கள். எதிர்ப்பும் வழக்கும் கிளம்பிய பிறகு 2021-ல் அந்த ஆணை வாபஸ் ஆனது. ஆனால் நடுவில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு, அதில் எழுதிய தொகைதான் சம்பளம். மந்தத்துக்குப் பிறகு வேலைகள் திரும்பி வந்தாலும் பழைய சம்பளம் கூடவே வந்துவிடுவதில்லை. அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் இ-மைக்ரேட் இணையதளத்தைப் புறப்படும் முன்பே திறந்து பார்ப்பது அவசியம்.

இதில் உருப்படியான வசதி ஏஜென்ட் தேடல். பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தா என்று காட்டும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. மும்பை கம்பெனியின் லைசென்ஸ் நகலைக் காட்டி நம்மூரில் பணம் வாங்கும் சப்-ஏஜென்ட்தான் பெரிய ஆபத்து. விசிட்டிங் கார்டில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, தளத்தில் இருக்கும் நம்பருக்கு அழைத்து, இந்த ஆள் உங்களுடையவரா, இந்த வேலை உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்டால் சட்டமீறல். பணத்தை வங்கி வழியாகவே கட்டி ரசீது வாங்குங்கள்.

குறை எங்கே? வேலைக்குப் போக அரசிடம் வாங்க வேண்டிய கட்டாய அனுமதி, பெரும்பாலும் பத்தாவது தேறாதவருக்குத் தரும் ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு மட்டும், அதுவும் 18 நாடுகளுக்கு. பத்தாவது தேறிய ஐடிஐ வெல்டரும் எலக்ட்ரீஷியனும் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தத்தை அரசு பார்ப்பதே இல்லை. 2019 ஜனவரி முதல் அவர்களுக்கும் பதிவு கட்டாயம் என்று அறிவித்து, கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். கைத்தொழில் தெரிந்தவரைத்தான் இது அதிகம் கைவிடுகிறது என்பது வருத்தமான விஷயம். விசிட் விசாவில் போகிறவருக்கோ இந்தத் தளத்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே ஆஃபர் லெட்டரை நீங்களேதான் அலசிப் பார்க்க வேண்டும். ஆள் மலிந்த காலத்தில் கம்பெனிகள் மொத்தத் தொகையைத் தொடாமல் பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, மட்டும் குறைப்பதுண்டு. துபாயில் மாதம் 1,800 திர்ஹம் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேசிக் 1,200 என்றால், 30 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்ற கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 5 திர்ஹம். ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூட்டி 6.25. அதே 1,800-ல் பேசிக்கை 800 ஆக்கி மீதியை அலவன்ஸ் என்று எழுதினால் ஓவர்டைம் 4.17-க்கு இறங்கிவிடும். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்ப்பவருக்கு 125 திர்ஹம் நஷ்டம். வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் 21 நாள் பேசிக். வருடத்துக்கு 840 திர்ஹம் கிடைக்க வேண்டிய இடத்தில் 560 தான் வரும். பேசிக் எவ்வளவு என்று தனி வரியில் எழுதித் தராத லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். 'மொத்தம் அதேதானே' என்று ஏஜென்ட் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.