தாமான் வீடா, அப்பாவின் இரண்டு ஏக்கரா?

பிள்ளைகள் வளர, மலேசியாவில் கிள்ளான் நகரத்துப் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு நல்லதா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அப்பாவின் இரண்டு ஏக்கரும் மாட்டுக் கொட்டகையும் நல்லதா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது. கடைசியில் இங்கேயே இருந்துவிட்டோம். அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், நாங்கள், எல்லாருக்கும் ஒரே அடுப்படி.

தாமானில் வேலை, ஆஸ்பத்திரி, டியூஷன் எல்லாம் பக்கத்தில். இங்கே இடம் தாராளம், செலவு குறைவு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முடிவைச் சொன்னது வேறு: நம் கை ஓயும்போது வாங்கிக்கொள்ள இன்னொரு கை வீட்டில் இருக்கிறதா?

கொட்டகை வேலைக்கு லீவு கிடையாது. தீபாவளியன்றும் விடியுமுன் பால் கறந்தாக வேண்டும். 400 கிலோ மாடு ஒன்றுக்கு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல் வேண்டும். பக்கத்துச் செம்பனைத் (பாமாயில் மரம்) தோட்டத்தில் மருந்தடித்த வரிசைக்குள் மாடு நுழையாமல் ஒருவர் கவனிக்க வேண்டும். ஒரு புருஷன் பெண்டாட்டியால் இது ஆகாது. நாலு கை இருப்பதால் நடக்கிறது. அந்த நாலு கைதான் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறது. நான் புல்லறுக்கப் போனால் அண்ணி சோறு ஊட்டுகிறார். அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் அவர் பிள்ளைகளுக்கு நான் தலை பின்னுகிறேன். தாமானில் இதே உதவிக்கு மாதாமாதம் காசு கொடுத்து ஆள் தேட வேண்டும்.

பிள்ளைகளும் சும்மா நிற்பதில்லை. கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் அதற்கு நோயைத் தாங்கும் சக்தி வரும். தாயிடம் பால் குடிக்கத் தெரியாத கன்று என்றால், அண்ணன் மகள் விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைப்பாள். சப்பத் தொடங்கியதும் விரலை மெல்ல வாளிக்குள் இறக்குவாள். வாளியைச் சாயாமல் பிடிப்பது என் மகன் வேலை. அவனுக்கு ஆறு வயது. இதை நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை, அக்காவைப் பார்த்தே கற்றுக்கொண்டான்.

சொந்த நிலம் இருப்பதால்தான் இவ்வளவும் பேச முடிகிறது. தோட்டத்து லயத்தில் (தோட்ட நிர்வாகம் கொடுத்த வரிசை வீட்டில்) இருந்தவர்களுக்கு வேலை போனால் வீடும் போனது. அவர்களிடம் போய் ஊரிலேயே இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

படிப்பைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகளில் யாரும் இன்னும் நான்காம் படிவத்தை (இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டை) தொடவில்லை. அப்போது ஈப்போவுக்கு டியூஷன் அலைச்சல் வரலாம்.

விற்பதென்றால் தாமான் வீடுதான் சுலபம், அதில் சந்தேகமே இல்லை. விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு (சுமார் ஒரு ஏக்கர்) கீழே துண்டு போட தேசிய நிலச் சட்டம் விடாது. இரண்டு ஏக்கரை மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 0.27 ஹெக்டேர்தான் வரும். அதனால் கிராந்தில் (நிலப் பட்டாவில்) மூன்று பேரும் சேர்ந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் மற்ற இருவரின் பங்கையும் வாங்க வேண்டும். அப்பா இருக்கும்போதே இதைப் பேசி எழுதிவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறோம்.