வீகனா, முட்டையும் பாலுமா? ஓடுகிறவனின் கணக்கு

மூன்று வருடமாக வீகனாக, அதாவது இறைச்சி, முட்டை, பால் எதுவும் சாப்பிடாதவனாக இருந்துகொண்டே 5,000 மீட்டர் ஓடுகிறேன். அதற்கு முன்பு தினமும் மூன்று முட்டை, அரை லிட்டர் பால். இரண்டையும் பார்த்தவன் என்பதால் மாவட்டத் தடகளப் போட்டிகளில் தம்பிகள் கேட்கிறார்கள், எது நல்லது என்று. என் மனசு வீகன் பக்கம்தான். பசுவையும் கோழியையும் நினைத்துத்தான் விட்டேன், அந்தக் காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது.

வேகம் குறையுமா என்ற பயம் வேண்டாம். 1991இல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது கார்ல் லூயிஸ் வீகன். 160 கிலோமீட்டர் மலை ஓட்டமான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸை 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற ஸ்காட் ஜூரெக்கும் வீகன்தான். பி12 வைட்டமின் மட்டும் தாவர உணவில் கிடைக்காது. மாத்திரை போட்டே ஆக வேண்டும், ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும்.

முட்டை, பாலின் பலம் அது வேலை வைக்காது என்பதுதான். மூன்று முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம் புரதம். எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும், யோசிக்கவே வேண்டாம்.

வீகனில் யோசிக்க வேண்டும். என் எடை 58 கிலோ. கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 93 கிராம் புரதம். 50 கிராம் மீல் மேக்கரில் 26, 50 கிராம் வேர்க்கடலையில் 13, நூறு கிராம் கொண்டைக்கடலை ஊறப்போட்டால் 19, மீதி பருப்பிலும் இட்லி சோற்றிலும். வீட்டில் இது சுலபம். ராத்திரி கடலை ஊறப்போடுவது எனக்குப் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை, சுண்டல் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்ட ஷூ) மாட்டாதீர்கள். ஒருமுறை எட்டாவது லேப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போட்டி அன்று காலை இட்லியும் வாழைப்பழமும் போதும்.

ஆக, எல்லாம் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் நிற்கிறது. வீகனான முதல் வருடம் இரண்டு வாரப் பயிற்சி முகாமுக்குப் போனேன். காலையில் நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு முட்டை, பால். மதியம் சோறு, தண்ணீர் சாம்பார், தயிர். எனக்கு ஆகாததை எல்லாம் ஒதுக்கினால் தட்டில் சோறும் சாம்பாரும்தான் மிச்சம். "தம்பி, முட்டையும் வேணாம், தயிரும் வேணாம்னா நான் உனக்கு எதைத்தான் போடுறது?" என்றார் மெஸ் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நூறு பேருக்குச் சமைக்கிறவரிடம் தனியாகச் சுண்டல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. பத்து நாளில் இரண்டு கிலோ இறங்கியது. காலை ஓட்டத்தில் கடைசி 400 மீட்டரில் கால் கனத்தது. பதினோராம் நாள் முட்டையை எடுத்துச் சாப்பிட்டேன். அன்று ரொம்ப வருத்தமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் முகாம் என்றால் பையில் வறுத்த கடலை ஒரு கிலோ, பொட்டுக்கடலை மாவு ஒரு டப்பா. மாவைத் தண்ணீரில் கரைத்து வெல்லம் போட்டால் பயிற்சி முடிந்ததும் குடிக்கலாம். அடுத்த முகாமில் எடை இறங்கவில்லை.

இதெல்லாம் ஓடுகிறவன் கணக்கு. பளுதூக்குதலில் அமெரிக்காவின் கென்ட்ரிக் ஃபாரிஸ் வீகனாகவே 2016 ரியோ ஒலிம்பிக்கில் இறங்கினார். ஆனால் நான் அந்தப் பக்கம் போனவன் இல்லை. பெண்களுக்கு இரும்புச்சத்துக் கவலை கூடுதல், அதற்கு மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு தம்பிக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. வீட்டில் ஆறு மாதமாகப் பால் தொடாதவன். "அங்கயும் இப்படியே இருக்கலாமாண்ணா?" என்றான். முதல் வாரம் மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னேன். தினம் ஒருவேளை சுண்டலோ மீல் மேக்கரோ இருந்தால் தொடரட்டும். இல்லையென்றால், அவன் கரண்டி அவன் கைக்கு வரும்வரை முட்டை சாப்பிடட்டும். கிளம்பும்போது பொட்டுக்கடலை மாவு டப்பா ஒன்றை அவன் பையில் வைத்தேன்.