பச்சிளம் குழந்தையின் முதல் படங்கள்: ஸ்டுடியோவா, தாய்வீடா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இப்போது பிரசவத் தேதி தெரிந்தவுடனேயே குழந்தையின் முதல் படங்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூரிலோ உள்ள ஸ்டுடியோவுக்குக் குழந்தையைக் கொண்டுபோவது ஒரு வழி. புகைப்படக்காரரைத் தாய்வீட்டுக்கே வரவழைப்பது மற்றொரு வழி. மூன்று மாதம் போகட்டும் என்று காத்திருப்போரும் உண்டு. நல்ல உடல்நிலையோடு பிறந்த குழந்தைக்குத் தாய்வீடே ஏற்ற இடம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஸ்டுடியோவின் பக்கம் உள்ள நியாயங்களும் சிறியவை அல்ல.

ஸ்டுடியோக்காரர்கள் பெரும்பாலும் பிறந்த 5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாள்களில் குழந்தை ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். கருப்பையில் சுருண்டிருந்த பழக்கமும் உடலில் மிச்சம் இருப்பதால், கைகால்களை மடக்கிப் படுக்க வைத்தால் அப்படியே கிடக்கும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு விழிப்பு நேரம் கூடும், வயிற்று உப்புசத்தால் அழுகை மிகும், கன்னத்தில் சிறு பருக்களும் தோன்றலாம். ஆகவே கூடையிலும் மரக்கிண்ணத்திலும் சுருண்டு உறங்கும் குழந்தையின் படம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டுடியோவும் அந்த இரண்டு வாரமும் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

சிக்கல் என்னவென்றால், நம் வீடுகள் தாயையும் சேயையும் வெளியே அனுப்பாமல் காக்கும் நாள்களும் அவையே. தீட்டு என்று பாட்டிமார் சொல்லும் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட அதன் பயனை மறுக்க முடியாது. தொப்புள்கொடி உதிர்ந்து புண் ஆறுவதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகும். பிறந்தவுடன் குறைந்த எடை மீண்டும் கூடி வருவதற்கே 10 முதல் 14 நாள் பிடிக்கும். பல குழந்தைகளுக்கு 3-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள் வரை மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும். அந்த மஞ்சளைப் படத்தில் திருத்திவிடலாம் என்பதைவிட, மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. சிசேரியன் ஆன தாய் தையல் வலியோடு காரில் குலுங்கிப் போய், இரண்டு மூன்று மணி நேரம் ஸ்டுடியோ நாற்காலியில் அமர்ந்து, இடையிடையே பாலூட்டித் திரும்புவதை யாரும் நிதானமான படப்பிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். முழங்கைகளை ஊன்றி, கன்னத்தை உள்ளங்கைகளில் தாங்கித் தவளை போல அமர்ந்திருக்கும் குழந்தையின் படம் பலரையும் மயக்குகிறது. எந்தப் பச்சிளம் குழந்தையாலும் தன் தலையைத் தானே அப்படித் தாங்க முடியாது. உதவியாளர் ஒரு படத்தில் தலையையும் அடுத்த படத்தில் மணிக்கட்டையும் பிடித்திருக்க, இரண்டையும் கணினியில் இணைத்து, பிடித்த கையை அழித்துவிடுகிறார்கள். இதை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டால், குழந்தை தானாகவே உட்கார்ந்துகொள்ளும் என்று பதில் வருமானால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுவதே நல்லது.

வீட்டுப் படப்பிடிப்பின் முதல் நன்மை அவசரமின்மை. குழந்தை தூங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் நாளையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். மலையாளக் குடும்பங்களில் 28-ஆம் நாள், குழந்தையின் இடுப்பில் நூல் கட்டும் நூல்கெட்டுச் சடங்கு நடக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் தொட்டில் போடும் நாள் வீட்டுக்கு வீடு மாறும். சடங்கு நாளின் கூட்டத்தில் எடுப்பதைவிட, அதற்கு இரண்டொரு நாள் கழித்து எடுப்பது தாய்க்கும் சேய்க்கும் எளிது. ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது நன்மை வெளிச்சம். இந்தப் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக விழும் காலை ஒளி, நேர் வெயிலாக இல்லாதவரை, மிக அழகானது. குழந்தையின் உச்சியிலிருந்து பாதத்தை நோக்கி ஒளி படியும்படி பாயைத் திருப்பிப் போட்டால் மூக்கின் நிழல் இயல்பாகக் கீழே விழும். தாடைப் பக்கமிருந்து ஒளி வந்தால் முகம் விகாரமாகத் தெரியும். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் கட்டிய தூளிக்குள் துணியை ஊடுருவி வரும் மெல்லொளியை எந்த ஸ்டுடியோ விளக்கும் தந்துவிடாது. வசம்பு வளையலும் வெள்ளி அரைஞாணும் திருஷ்டிப் பொட்டும் அப்படியே இருக்கட்டும். அவற்றை அழித்துத் தரும் அளவுக்குத் திருத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குள் குறைகளும் உண்டு. பச்சை, நீலம் என அடர்நிறம் பூசிய சுவர், அருகில் கிடக்கும் குழந்தையின் தோலில் தன் நிறத்தை ஏற்றிவிடும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் போதும். ஜன்னல் ஒளியோடு டியூப்லைட்டும் எரிந்தால் நிறம் குழம்பும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றில் திறந்த திண்ணையும் தென்னந்தோப்பும் பச்சிளம் குழந்தைக்கு ஏற்றவை அல்ல. உடை களைந்த குழந்தைக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பம் தேவை என்பதால் ஸ்டுடியோவில் ஹீட்டர் போடுகிறார்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும் பங்குனி, சித்திரையில் நமக்கு அதற்கு நேர்மாறான கவலை. பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்வை தெரிந்தால் சுற்றிய துணியை உடனே தளர்த்த வேண்டும். எந்தக் காலமானாலும் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றக் கூடாது. இடுப்பு மூட்டு சரியாக வளரத் தொடைகள் மடங்கி விரிய இடம் வேண்டும்.

மூன்று மாதம் காத்திருப்பவர்களுக்கு முகம் பார்த்துச் சிரிக்கும், குப்புறப் படுத்துத் தலை தூக்கும் குழந்தை கிடைக்கும். பிறந்த புதிதின் தோளோரப் பூனைமுடியும் சுருங்கிய விரல்களும் மட்டும் கிடைக்காது. குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் இருந்து வந்த குழந்தைக்கு, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

எந்த வழியானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வருபவர்களில் யாருக்காவது சளியோ காய்ச்சலோ இருந்தால் நாளை மாற்றித் தருவார்களா என்பதையும், நம் அனுமதி இல்லாமல் குழந்தையின் படத்தைத் தங்கள் விளம்பரப் பக்கத்தில் போட மாட்டார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.