ஹாம் ரேடியோ: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி, இருந்தால் உலகம் முழுக்கப் பேசலாமா என்று கேட்கிறார்கள். பேசலாம். ஆனால் எப்போது, யாரோடு என்பது நம் கையில் இல்லை. பல வருடங்களாக ஒரு 100 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டி), ஒரு கம்பி ஆன்டெனா, இவ்வளவுதான் என் நிலையம். உரிமம், தேர்வு விவரங்களுக்குள் போகவில்லை. அவை நாட்டுக்கு நாடு மாறும்.

பணத்தை ரிக்கில் கொட்ட வேண்டாம், ஆன்டெனாவைக் கவனியுங்கள். 20 மீட்டர் பேண்டுக்கான (14 மெகாஹெர்ட்ஸ்) அரை அலை டைபோல் ஆன்டெனா என்பது சுமார் 10 மீட்டர் கம்பிதான். நடுவில் வெட்டி கோஆக்சியல் கேபிளை இணைக்க வேண்டும். ரிக்கை மாற்றியபோது தெரியாத வித்தியாசம், அந்தக் கம்பியை ஒரு மாடி உயர்த்திக் கட்டியதும் தெரிந்தது.

மீதி வானத்தின் வேலை. 7 மெகாஹெர்ட்ஸில் பகலில் வானின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தின் கீழடுக்கு தொலைதூர சிக்னலை விழுங்கிவிடும். இருட்டினால் கண்டம் தாண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் பக்கத்து மாவட்டக்காரர் குரல் கேட்காது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் குரல் எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். உட்கார்ந்ததும் நான் முதலில் திருப்புவது 14.100 மெகாஹெர்ட்ஸ். உலகெங்கும் பரவியுள்ள 18 பீக்கன்களுக்கும் (சிக்னல் எங்கிருந்து எட்டுகிறது என்று காட்டும் தானியங்கி நிலையங்கள்) அங்கே முறைவைத்து ஆளுக்குப் பத்து விநாடி. மோர்ஸில் கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்), பிறகு நான்கு நீண்ட ஒலிகள்: 100 வாட், 10, 1, கடைசியில் 0.1. அந்தக் கடைசி ஒலியும் காதில் விழுந்தால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிடுவேன்.

பெரிய தலைவலி இரைச்சல். ஒருமுறை வீட்டு மெயினை அணைத்துவிட்டு, ரிக்கை பேட்டரியில் ஓட்டிக் கேட்டேன். சரசரப்பு சட்டென்று அடங்கிவிட்டது. ஒவ்வொரு பிளக்காகப் போட்டுப் பார்த்ததில் மாட்டியது ஒரு மலிவு போன் சார்ஜர். எல்இடி விளக்குகளும் சோலார் இன்வெர்ட்டர்களும் இதே வகைதான். பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் பொறுமைதான் வழி.

2017இல் வந்த எஃப்டி8, கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் முறை, இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சிக்னலையும் படித்துவிடுகிறது. 15 விநாடிக்கு ஒரு முறை மாறிமாறி கால்சைன், இருப்பிடக் கட்டம், சிக்னல் அளவு, கடைசியில் 73 (ஹாம்களின் வாழ்த்துக் குறி). அவ்வளவுதான். நாடுகளின் பட்டியல் நீள்கிறது, ஆனால் ஒரு ஆளையும் தெரிந்துகொண்டதாக இல்லை. குரலிலும் போட்டி நாட்கள் இப்படித்தான்: சிக்னலுக்கு "59" என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டு, அடுத்த மூச்சில் "கால்சைனைத் திரும்பச் சொல்லுங்கள்" என்பார்கள்!

எனக்கு நிலைத்த நட்பெல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்துவைத்துப் பேசியதில் வந்தவை. வாரம் ஒருமுறை, ஒரே அலைவரிசை. ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் தன் முழங்கால் வலியிலிருந்து கப்பல் ரேடியோ அறைக் கதைகள் வரை எல்லாம் சொல்வார். இரண்டு நிமிடம் தெளிவாக வந்து, பாதிக் கதையில் மங்கிவிடுவார். மீதி அடுத்த வாரம்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இணையத்தில் கிடைக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர்களில் சில மாலைகள் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் வெறும் சரசரப்பைத் திருப்பிக்கொண்டிருந்தும் அலுக்கவில்லையென்றால், சரி, தேர்வுக்குப் படிக்கத் தொடங்கலாம்.