சருகை வாருவதா, அரைத்து அங்கேயே விடுவதா?

இலையுதிர் காலம் தொடங்கி நாலு இலை மஞ்சளாகிவிட்டாலே எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்துவிடும். போன வருடம் வரை சருகை வாரி, சாக்கில் திணித்து, தோட்டத்து மூலையில் இருக்கும் கம்பிவலைக் கூண்டில் கொட்டித்தான் மக்கவைத்தேன். இந்த வருடம் புல்வெட்டும் இயந்திரத்தைச் சருகின் மேலேயே ஓட்டிவிட்டேன். இனி புல்தரையில் சருகு வாருவேன் என்று தோன்றவில்லை.

கூண்டைக் குறை சொல்ல மாட்டேன். அதில் கிடைக்கும் இலைமக்கு கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் முழு இலையாகப் போட்டால் 1 வருடமாவது ஆகும், 2 கூட ஆகலாம், நடுவில் காய்ந்தால் மக்குவது அப்படியே நின்றுவிடும்.

என் கணக்கு வேறு: ஒரே சருகை எத்தனை தடவை கையாள்கிறோம்? வாருவது, சாக்கில் அள்ளுவது, கூண்டில் கொட்டுவது, கிளறுவது, மக்கியதும் பாத்திக்குச் சுமப்பது, ஆக 5. இயந்திரத்தை ஓட்டினால் கை படவே வேண்டாம், எப்படியும் வெட்டவேண்டிய புல்லோடு அதுவும் முடிந்துவிடுகிறது. கத்தியை 7, 8 செ.மீ. உயரத்தில் வைத்து, மெதுவாக ஒரு தடவை நீளவாக்கில், அப்புறம் குறுக்கே. துணுக்குகள் புல்லுக்கு இடையில் இறங்கி, மேலே புல் நன்றாகத் தெரிந்தால் சரி. மண்ணில் இன்னும் சூடு இருப்பதால் மீதியை மண்புழு பார்த்துக்கொள்ளும். எல்லா இலையும் விழட்டும் என்று காத்திருந்தால் மட்டும் புல் மூச்சுமுட்டிப்போகும், வாரம் ஒரு தடவையாவது ஓட்டவேண்டும்.

சருகு காய்ந்திருக்கவேண்டும். பனி ஈரம் காயுமுன் ஒரு காலையில் அவசரப்பட்டேன், இயந்திரத்தின் அடியில் பிசைந்த மாவு மாதிரி அப்பிக்கொண்டது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் குச்சியால் சுரண்டினேன்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு மேப்பிள் மரம், அதன் இலை மெல்லிசு. நாலைந்து ஓக் மரம் நிற்கும் இடத்தில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அந்த இலை தடிப்பு, மக்கவும் நாளாகும். ரோஜாவில் கரும்புள்ளி விழுந்த இலைகளை எந்த முறையிலும் சேர்க்காதீர்கள், பொறுக்கி அப்புறப்படுத்திவிடுங்கள். புதர் அடியில் கிடப்பதை நான் தொடுவதில்லை, அங்கே கூட்டுப்புழுக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும்.

கூண்டை இன்னும் பிரிக்கவில்லை. நடைபாதையிலும் வடிகாலிலும் விழுகிற சருகு எங்கேயாவது போகவேண்டுமே.